தேறக் கூடாத வண்டி

அன்று இசைவாணியின் அம்பாசிடர் காருக்கு எஃப்.சி. என்கிற தகுதிச் சோதனை காட்ட வேண்டிய நாள். வாடகைக் கார் பழசாகிவிட்டால் வருடா வருடம் இந்தச் சோதனை உண்டு. முதலில் புகை பார்த்துச் சான்று வாங்க வேண்டும். பிறகு பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அவர் குனிந்து பார்த்து, தட்டிப் பார்த்து, ஓட்டிப் பார்த்து, 'இது இன்னும் ரோட்டில் ஓடத் தகுதியான வண்டிதான்' என்று சொன்னால் இன்னொரு வருடம் ஓடும். சொல்லாவிட்டால் காயலான் கடைக்குப் போகும்.

எழுமலைக்குத் தெற்கே இருக்கும் அந்தச் சின்ன ஊரின் காலனியில் விடிந்ததிலிருந்தே ஒரே அமளி. பெண்கள் புளியையும் சாம்பலையும் கொண்டுவந்து, பொங்கலுக்குப் பித்தளைப் பானை விளக்குவது போல முன் பம்பரை விளக்கிக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் சக்கரத்தைக் கழுவினார்கள். எதிர்வீட்டு மலையம்மாள் தன் முந்தானையாலேயே கண்ணாடியைத் துடைத்தாள்.

"எம் மக நெற மாசமா இருக்கா, இசை. போன் போட்டா ஆஸ்பத்திரி வண்டி வரும்தேன். ஆனா அவளுக்கு ஒன் வண்டில ஏறுனாத்தேன் தெம்பு. அவ பொறந்து வீட்டுக்கு வந்ததே இந்த வண்டிலதானத்தா! இந்த வருசமும் கும்முனு தேறிரும் பாரு."

"தேறிரும் அத்தை" என்றாள் இசைவாணி. உதடு சிரித்தது.

ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பின்னால், யாரும் எட்டிப் பார்க்க முடியாத ஆழத்தில், ஒரு தாயின் நெஞ்சு வேறு பிரார்த்தனை செய்துகொண்டிருந்தது. 'சாமி, இந்த வருசமாவது இந்த வண்டி தேறக் கூடாது!'

ஏன் ஒரு பெண் தன் பிழைப்பே நாசமாகட்டும் என்று வேண்ட வேண்டும்? அதைச் சொல்ல அவளுடைய தகப்பன் சின்னக்கருப்பனிடமிருந்து தொடங்க வேண்டும்.

சின்னக்கருப்பன் கூலி வேலைக்குப் பிறந்த மனிதர். அடுத்தவர் காட்டில் கடலை பிடுங்கியும் பருத்தி எடுத்தும் வளர்ந்தவர். ஒரு நாள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு மதுரைக்குப் பஸ் ஏறினார். வாடகைக் கார் வைத்திருந்த ஒருவரிடம் கார் கழுவினார், கழுவியபடியே ஓட்டப் பழகினார், டிரைவரானார். பல வருட உழைப்புக்குப் பிறகு சொந்தமாக ஒரு டீசல் அம்பாசிடரை வாங்கி ஊருக்கு ஓட்டி வந்தார். எந்தத் தெருவில் அவருடைய அப்பா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாரோ, அந்தத் தெரு வழியாக ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார். காலனி மொத்தமும் அந்தக் காருக்குப் பின்னால் நடந்தது. சில பேர் அழுதார்கள்.

பிறகு அந்தத் தெருக்காரர்களே பிரசவம், பாம்புக்கடி, நெஞ்சுவலி என்று அவர் வாசலுக்கு வந்து நின்றார்கள். வந்தது யார் என்று சின்னக்கருப்பன் கேட்கவில்லை. பின் கதவைத் திறந்துவிட்டார். "ஏறுங்கய்யா, மொத உசுரு பெரிசு" என்று மட்டும் சொன்னார்.

அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் பீமாராவ் படித்து, பரீட்சை எழுதி, மதுரையில் அரசாங்க அலுவலகத்தில் நாற்காலி பிடித்தான். இளையவள் இசைவாணிக்குப் படிப்பைவிட ஸ்டீயரிங் பிடித்திருந்தது. கால் எட்டவில்லை என்று முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்துக்கொண்டு கண்மாய்க்கரையில் ஓட்டப் பழகினாள். "பிரேக்குல வெளையாடாத தாயி. பின்னால உக்காந்திருக்கிறவுக நம்மள நம்பிக் கண்ண மூடியிருக்காக" என்று தகப்பன் சொல்லிச் சொல்லியே அவள் காலைப் பழக்கினார்.

அவளுக்குக் கல்யாணமானது. மாப்பிள்ளை தமிழ்மாறன், திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், தங்கமான பையன். பவதாரிணி பிறந்தாள். மூன்று பேரும் ஒரே அறையில், ஒரே ஃபேனுக்குக் கீழே, அந்தச் சில வருடங்கள்தான் இசைவாணி தன் வாழ்க்கையில் சிறகு விரித்த காலம்.

பிறகு ஒரு நாள் சின்னக்கருப்பனுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துபோனது. மனைவி முன்பே போய்ச் சேர்ந்திருந்தாள். "ஒரு மாசம் பாத்துட்டு வந்துர்றேன் மாமா" என்று புருஷனிடம் சொல்லிவிட்டு வந்தவள், படுக்கையில் கிடந்த தகப்பனையும் வாசலில் நின்ற காரையும் விட்டுப் போக முடியாமல் தங்கினாள். எந்த நேரத்துக்கும் யாராவது வந்து கதவைத் தட்டுகிற வீட்டில் சின்னப் பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு ஓடுவது? பவதாரிணி திருப்பூரிலேயே அப்பாவிடம் வளர்ந்தாள். அம்மா என்பது அவளுக்குப் போனில் வருகிற குரலாகிவிட்டது.

மூன்று வருடத்துக்கு முன் தகப்பன் காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த வார்த்தை விழுந்தது.

"அய்யா போயிட்டாரு. இனி வண்டிய வித்துப்புட்டுத் திருப்பூருக்கு ஓடிருவ. அதுக்குத்தான இம்புட்டு நாளா காத்துக் கெடந்த?" என்றான் பீமாராவ். துக்கத்தில் பேசினானோ, தகப்பனைக் கடைசிவரை பக்கத்தில் இருந்து பார்க்காத குற்ற உணர்ச்சியில் பேசினானோ, யார் கண்டது!

இசைவாணிக்கு நெருப்பை அள்ளி முகத்தில் போட்டது போலிருந்தது. மதுரைச் சீமையில் அந்த நிலைக்குப் போன பேச்சுக்கு ஒரே ஒரு நீதிமன்றம்தான் உண்டு. அவள் அதைத்தான் சொன்னாள். "அழகர்கோவிலுக்கு வாண்ணே. கருப்பு கதவு முன்னால நின்னு சொல்றேன்."

பதினெட்டாம்படிக் கருப்பசாமியின் கதவு எப்போதும் சாத்தித்தான் இருக்கும், மேலெல்லாம் சந்தனம் அப்பி. அதன் முன்னால் நின்று பொய் சொல்ல இந்தப் பக்கத்தில் எவனுக்கும் துணிச்சல் வராது. கோர்ட்டில் கூசாமல் புளுகுகிறவன்கூட அங்கே நாக்கைக் கடித்துக்கொள்வான். சத்தியம் தப்பினால் அது செய்தவரோடு நிற்காமல் அவர் பெற்ற பிள்ளையையும் தேடிப் போகும் என்பது ஊரறிந்த பயம்.

பீமாராவ் கேட்டது, 'வண்டியை விற்க மாட்டேன்' என்ற ஒரு வார்த்தைதான். அதோடு அவள் நிறுத்தியிருக்கலாம். ஆனால் ரோஷம்! சின்னக்கருப்பன் மகளின் பாழாய்ப்போன ரோஷம்! எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைக்கப் போகும்போது, யாரும் கேட்காததையெல்லாம் அவள் அள்ளிக் கொட்டினாள்.

"இந்த வண்டி ரோட்டுல ஓடத் தகுதியா இருக்கிற வரைக்கும் விக்க மாட்டேன். எங்க ஊரு சனத்துக்கு நாந்தேன் ஓட்டுவேன். என்னயத் தவிர வேற ஒரு கை இந்த ஸ்டீயரிங்கத் தொடாது. தொட்டா கருப்பு என்னயக் கேக்கட்டும்!"

கற்பூரம் அணைந்தது. பீமாராவ் விக்கித்துப் போனான். இசைவாணியும் படியிறங்கும்போதுதான் என்ன சொன்னோம் என்று உணர்ந்தாள். தன் கழுத்தில் தானே பூட்டிக்கொண்ட பூட்டு. அதன் சாவி பிரேக் இன்ஸ்பெக்டரிடம் இருந்தது.

அன்று முதல் வேறு யாரும் அந்தக் காரை ஓட்டியதில்லை. உசிலம்பட்டி மெக்கானிக் அழகுராஜாகூட ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டுமானால் அவளைத்தான் கூப்பிடுவான். அவள் கொஞ்சம் தள்ளி நின்றால் தோளில் கிடக்கும் துண்டைச் சுற்றிப் பிடித்துத் திருப்புவான். "எங்கை படல சாமி, துண்டுதேன் பட்டுச்சு" என்று அழகர்கோவில் இருக்கும் கிழக்குத் திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வான்.

கார் ஒவ்வொரு வருடமும் தேறியது. இசைவாணியும் பொறுத்துக்கொண்டுதான் இருந்தாள், போன தை மாதம் வரை.

அந்தத் தை மாதத்தில் ஒரு நாள் திருப்பூரிலிருந்து போன் வந்தது. பவதாரிணி வயதுக்கு வந்துவிட்டாள். அந்த நேரத்தில் இசைவாணியின் பின் சீட்டில் வலியோடு ஒரு பிள்ளைத்தாய்ச்சி கிடந்தாள். அவளை மதுரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்து, கூட வந்த சனத்தை ஊரில் இறக்கிவிட்டுத் திருப்பூருக்குப் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மறுநாளாகிவிட்டது. பக்கத்து வீட்டு அம்மா ஒருத்திதான் பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, எதை எப்படி வைத்துக்கொள்வது என்று சொல்லிக் கொடுத்திருந்தாள்.

மூலையில் உட்கார்ந்திருந்த பவதாரிணி அம்மாவை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஊர்ல இருக்கிற பிள்ளைக்கெல்லாம் வலிச்சா நீ வந்துருவியாம்மா? எனக்கு வலிச்சா மட்டும் ஏன் வரல?"

அந்தக் கேள்வி இசைவாணியைத் தின்றுகொண்டிருந்தது. தமிழ்மாறனுக்குக் கம்பெனி இப்போது இரண்டு அறை வீடு ஒன்று தருவதாகச் சொல்லியிருந்தது. "குடும்பத்தோட இருக்கிறவனுக்குத்தான் தருவாங்களாம். நீ வந்தா வாங்குறேன். இல்லன்னா வேற ஆளுக்குப் போயிரும்" என்றான் அவன். வண்டி தேறாமல் போனால் சத்தியம் தானாக முடிந்துபோகும். மகளோடு ஒரே வீட்டில் இருக்கலாம். தேறினால், அடுத்த வருடம் வரை மறுபடியும் போனில் வருகிற குரல்தான்.

இவ்வளவையும் நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் அவள் அன்று காலை சாவியைத் திருகினாள். மற்ற நாளில் நாலு தடவை இருமிவிட்டுக் கிளம்புகிற வண்டி, அன்று முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது. காலனி கைதட்டியது. 'துரோகி' என்று மனசுக்குள் வைதாள் இசைவாணி.

உசிலம்பட்டியில் அழகுராஜா ஏறிக்கொண்டான். புகை பார்க்கிற இடம் போகிற வழியில்தான் இருந்தது. ஒரு பழைய வேனுக்குள் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருந்தான். புகைக்குழாயில் கம்பியைச் செருகிவிட்டு, "யக்கா, ஆக்சிலேட்டர அடி வரைக்கும் மிதிங்க" என்றான்.

மிதித்தாள். பின்னால் கரும்புகை குபீரென்று கிளம்பி, அடுத்த கடை வாசலில் காயப்போட்டிருந்த அப்பளத்தின் மேல் படர்ந்தது. கடைக்காரி வெளியே வந்து வைய ஆரம்பித்தாள்.

"பொகை அளவு எகிறுதுக்கா. இது தேறாது போலயே" என்றான் வேன்காரன்.

இசைவாணியின் நெஞ்சுக்குள் ஏதோ ஒரு கதவு சட்டென்று திறந்துகொண்டது. திருப்பூரின் அந்த இரண்டு அறை வீடு. மகள் தலையைத் தன் மடியில் வைத்து எண்ணெய் தேய்க்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவள் கண்ணில் நீர் முட்டியது.

அதைப் பார்த்துவிட்டு அழகுராஜா பதறிப்போனான். "யக்கா! எதுக்குக்கா அழுகுற? நான் செத்தா போயிட்டேன்? ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கும்க்கா. பஞ்சர் கடைல காத்தடிச்சுக் கொண்டாந்துர்றேன். அப்பறம் பாரு, ஊதுபத்தி மாதிரி பொகை வரும்!"

பானெட்டைத் திறந்து ஃபில்டரைக் கழற்றிக்கொண்டு ஓடினான். அன்பில் ஓடினான். அந்த அன்பை என்ன செய்வது!

திறந்த பானெட்டுக்கு முன்னால் இசைவாணி தனியாக நின்றாள். டீசல் பம்பில் எந்தத் திருகாணியை அரைத் திருகு திருகினால் வண்டி அன்றைக்கு முழுக்கக் கரியைக் கக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஸ்பேனரும் கிடந்தது. கை அதை எடுத்தும்விட்டது. பார்க்க யாருமில்லை. வேன்காரன் அப்பளக்காரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தான்.

'தகுதியா இருக்கிற வரைக்கும்' என்று சொன்னது இந்த வாய். தகுதியாக இருக்கிறதைத் தானே கெடுத்துவிட்டு, தகுதியில்லை என்று தப்பித்துப் போனால்? மனிதர்கள் நம்புவார்கள். அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறவன் நம்புவானா? அவன் தன்னைக் கேட்டால் பரவாயில்லை. பவதாரிணியைக் கேட்டால்?

ஸ்பேனர் அவள் கையிலிருந்து நழுவி மண்ணில் விழுந்தது. யாருக்காக ஓட நினைத்தாளோ, அந்தப் பிள்ளைக்காகவே ஓட முடியாமல் நின்றாள்.

அழகுராஜா சொன்னபடியே ஆயிற்று. இரண்டாம் முறை புகை அடங்கிப்போய் வந்தது. சான்று கைக்கு வந்தது.

எஃப்.சி. பார்க்கிற மைதானத்தில் வெயில் கொளுத்தியது. லாரி, ஆட்டோ, ஸ்கூல் வேன் என்று வரிசை நீண்டு கிடந்தது. பீமாராவ் மதுரையிலிருந்து பைக்கில் வந்து, வேப்பமர நிழலில் காத்திருந்தான். வருடா வருடம் இந்த நாளுக்கு லீவு போட்டுவிட்டு வந்துவிடுவான். வண்டி தேறியதும் அதன் முன்னால் நின்று ஒரு செல்ஃபி எடுத்து, 'எங்கள் அய்யாவின் வண்டி' என்று எல்லோருக்கும் அனுப்புவான்.

வரிசையில் பின்னால் நின்ற தண்ணீர் லாரி டிரைவர் சிவனாண்டி தலையை வெளியே நீட்டினான். "யக்கோவ்! எஃப்.சி.க்கு வந்தீகளா, இல்ல வண்டிக்குக் கெடா வெட்டிக் காது குத்த வந்தீகளா? இம்புட்டு மாலை போட்டுருக்கு!"

"ஒன் லாரில ஒழுகுற தண்ணிய மொத அடைடா. மைதானத்துல நாத்து நடலாம் போலருக்கு" என்றான் அழகுராஜா.

"அது ஒழுகலண்ணே. வண்டிக்கு இன்ஸ்பெக்டரப் பாத்து வேர்க்குது!"

வரிசையே சிரித்தது. இசைவாணி சிரிக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் இந்த வருடம் புதியவர். கண்டிப்பான முகம். விளக்கு, இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன் என்று ஒவ்வொன்றாகப் போடச் சொன்னார். வாரத்துக்கு இரண்டு நாள் வேலை நிறுத்தம் செய்கிற வைப்பர் அன்று கும்பிடு போடுவது போல ஆடியது. குனிந்து அடிப்பக்கம் பார்த்தார். எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, டிரைவர் கதவைத் திறந்தார்.

"எறங்கும்மா. பிரேக் பாக்கணும். நான் ஓட்டுறேன்."

போன வருடம் வரை இருந்தவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அவளையே ஓட்டச் சொல்வார். இப்படி ஒரு கேள்வி வந்ததே இல்லை. இசைவாணி ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"தர முடியாது சார்."

"என்னம்மா வெளையாடுறியா? வண்டியத் தராட்டி நான் எப்படி சர்டிபிகேட் தர்றது? ஃபெயில்னு போட்டுட்டுப் போயிட்டே இருப்பேன்."

ஃபெயில்! அந்த வார்த்தை அவள் காதில் தேனாகப் பாய்ந்தது. எவ்வளவு அழகான வழி இது! அவள் எதையும் கெடுக்கவில்லை, பொய் சொல்லவில்லை. சத்தியத்தைக் காப்பாற்றினாள், அதனாலேயே வண்டி நின்றுபோனது. இதைக் கருப்பனே திறந்துவிட்ட வழி என்றுதானே சொல்ல வேண்டும்?

"போடுங்க சார்" என்றாள்.  "ஃபெயில்னே போடுங்க. ஸ்டீயரிங்கத் தர மாட்டேன்."

இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார். அதற்குள் பீமாராவ் நிழலிலிருந்து ஓடி வந்தான். "சார், சார்! ஒரு நிமிசம் சார்! அவ திமிர்ல சொல்லல சார். சத்தியம் பண்ணிருக்கா. அழகர்கோவில் கருப்பு கதவு முன்னால. வேற கை தொடக் கூடாதுன்னு."

பேனா நின்றது.

சிவனாண்டி லாரியிலிருந்து குதித்தே வந்துவிட்டான். "அய்யய்யோ, கருப்பு சத்தியமா? சார், தொட்டுறாதீக சார்! எங்க பங்காளி ஒருத்தன் ஒரு வரப்புத் தகராறுல பொய்ச் சத்தியம் பண்ணிட்டு வீடு வரைக்கும் நடந்து வரல சார். தூக்கிட்டுத்தேன் வந்தாக!"

"ஆமா சார். வேணாம் சார்" என்று ஆட்டோக்காரர்கள், வேன்காரர்கள், எல்லோரும் சூழ்ந்துவிட்டார்கள். அழகுராஜா பவ்வியமாகத் தன் துண்டை நீட்டினான். "ஒண்ணும் ஆகாது சார். இந்தத் துண்டச் சுத்திப் பிடிச்சீகன்னா..."

"யோவ், நான் என்ன சலூன்காரனா, துண்டோட நிக்க?" என்று சீறினார் இன்ஸ்பெக்டர். ஆனால் அவர் கை கதவிலிருந்து எப்போதோ விலகியிருந்தது. கிழக்குப் பக்கம் ஒரு முறை பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். சுற்றிவந்து பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"எனக்கும் ரெண்டு பொம்பளப் பிள்ளைக இருக்கும்மா. நீயே ஓட்டு" என்றார் மெதுவாக.

திறந்த வழி அடைந்துபோயிற்று. சர்க்காரே சாமிக்குப் பயந்து ஒதுங்கிவிட்டது. இனி யாரிடம் போய் முறையிடுவது?

மைதானத்தின் கோடியில் வண்டியைத் திருப்பி வேகமெடுத்தாள். கடைசியாக ஒரு சபலம். பிரேக்கைக் கொஞ்சம் தளர்வாகப் பிடித்தால் போதும்! "பிடி!" என்றார் இன்ஸ்பெக்டர். அவள் நினைத்தாள், ஆனால் கால் கேட்கவில்லை. சின்னக்கருப்பன் பழக்கிய கால் அது. பக்கத்தில் ஓர் உயிர் உட்கார்ந்திருக்கும்போது அதற்குப் பொய்யாக மிதிக்கத் தெரியாது. வண்டி கோடு போட்ட மாதிரி நேராக, ஆணி அடித்தாற்போல் நின்றது.

"அருமை" என்றார் இன்ஸ்பெக்டர். "புது வண்டிக்காரன்கூட இப்படி வச்சிருக்க மாட்டான். நல்லா இரும்மா."

மைதானம் ஆரவாரித்தது. சிவனாண்டி லாரி ஹாரனை அழுத்தினான். பீமாராவ் கார் முன்னால் நின்று போனைத் தூக்கிப் பிடித்தான். "வாத்தா, வந்து பக்கத்துல நில்லு."

இசைவாணி இறங்கி வந்தாள். போனுக்கு முகம் காட்டவில்லை. அண்ணன் கையைப் பிடித்தாள்.

"அண்ணே. இப்பிடியே அழகர்கோவிலுக்குப் போவோம்ணே. சத்தியம் கேட்டவுகளும் செஞ்சவுகளும் சேந்து நின்னு வேண்டுனா எடுத்துரலாமாம். கோயில்ல விசாரிச்சுட்டேன். நீ ஒரு வார்த்த சொன்னாப் போதும். எம் பிள்ள எனக்கு வேணும்ணே."

பீமாராவின் சிரிப்பு அப்படியே உறைந்தது. காரின் பானெட்டைத் தடவினான். பிறகு, நாற்பது வயது தாண்டிய அந்த மனிதன் சிறு பிள்ளை போல உடைந்தான்.

"என்னால முடியாதுத்தா. அய்யா உசுரு போறப்ப நான் பக்கத்துல இல்ல. ஒரு வாய்த் தண்ணி ஊத்தல. அந்தத் தெரு வழியா இந்த வண்டி போறப்ப அய்யாவே போற மாதிரி இருக்கு எனக்கு. இது நின்னா அவரு ரெண்டாவது தடவ செத்துருவாருத்தா. என்னய அதுக்குச் சம்மதிக்கச் சொல்லாத. உங்கால்ல வேணாலும் விழுறேன்."

திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். அவன் அழுதான். அழுகிறவனிடம் என்ன செய்ய முடியும்? இசைவாணி தன் முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள். துடைத்த கை இத்தனை வருடத்தில் தன் மகளுடைய கண்ணை ஒரு தடவைகூட இப்படித் துடைத்ததில்லையே என்று அந்த நேரத்திலும் நினைத்துக்கொண்டாள்.

காருக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, திருப்பூருக்குப் போன் போட்டாள். அன்று ஸ்கூல் இல்லை. பவதாரிணிதான் எடுத்தாள்.

"பாஸாம்மா?"

"பாஸ்தாம்மா."

 அழுவாள், கோபப்படுவாள், போனை வைத்துவிடுவாள் என்று இசைவாணி காத்திருந்தாள். ஆனால் அந்தக் குரல் வேறாக இருந்தது. உள்ளே எதையோ முடிவு செய்துவிட்ட குரல்.

"அப்ப நான் அங்க வாரேம்மா. அங்கயே ஸ்கூல்ல சேத்துவிடு. உன்கூட வண்டில வாரேன். எனக்கும் ஓட்டச் சொல்லிக் குடு. உனக்கு முடியாதப்ப நான் ஓட்டுறேன். அப்ப நீ ரெஸ்ட் எடுக்கலாம்ல?"

எத்தனை வருடம் ஏங்கிய வார்த்தை! 'நான் வாரேம்மா.' வா கண்ணே என்று கத்த வேண்டும் போல் இருந்தது இசைவாணிக்கு.

அப்போதுதான் கண்ணாடிக்கு வெளியே அவள் பார்த்தாள். அழுது சிவந்த முகத்தோடு அண்ணன். மாலையைச் சரி செய்துகொண்டிருக்கும் அழகுராஜா. எழுமலை ரோட்டில் காத்திருக்கும் காலனி, மலையம்மாள், அவள் மகள், இன்னும் பிறக்காத அந்தப் பிள்ளை. எல்லோரும் நல்லவர்கள். எல்லோருக்கும் அவள் வேண்டும். தலையணை வைத்து உட்கார்ந்த ஒரு சிறுமியை இந்த ஸ்டீயரிங்குக்குப் பின்னால் எவ்வளவு ஆசையாக ஏற்றி உட்கார வைத்தார்கள்! இப்போது இன்னொரு சிறுமி தானாகவே ஏற வருகிறாள்.

"வேணாம்" என்றாள்.

"என்னம்மா?"

"நீ இங்க வரக் கூடாது. அங்கயே படி. இந்த வண்டிய ஓட்டணும்னு நெனைக்கவே கூடாது. வேற யாரும் தொடக் கூடாதுன்னு சத்தியம் இருக்குடி. நீ தொடக் கூடாது."

மூன்று வருடமாக அவளைக் கட்டிப்போட்டிருந்த அந்தச் சத்தியத்தை முதல் முறையாக அவள் ஆசையோடு பற்றிக்கொண்டாள், மகளுக்கும் இந்தக் காரின் கதவுக்கும் நடுவில் ஒரு தாழ்ப்பாள் போல.

"நான் வர்றதே உனக்குப் பிடிக்கலல்ல?" என்றது பிஞ்சுக் குரல். போன் அணைந்தது.

இசைவாணி ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். இல்லையடி கண்ணே, இல்லையடி என்று சொல்ல எவரும் எதிரில் இல்லை.

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் போன் அடித்தது. தமிழ்மாறன். "பாப்பா தேம்பித் தேம்பி அழுவுது. என்ன சொன்ன இசை?"

சொன்னாள். எல்லாவற்றையும், ஸ்பேனரை எடுத்ததிலிருந்து. அவன் முழுக்கக் கேட்டான். வீடு போய்விடும் என்றோ, இன்னும் எத்தனை வருடம் என்றோ கேட்கவில்லை. 

"சரி. வர்ற பெரிய லீவுக்காவது அவளக் கூட்டிட்டு வாரேன். நாலு நாள் உன் பக்கத்துல படுத்துக் கெடக்கட்டும். நீ ஏன் அப்பிடிச் சொன்னன்னு அவளுக்கு இப்பப் புரியாது. உன்னயப் பாத்தா ஆறிரும்."

"வரட்டும் மாமா. வரட்டும்" என்றாள் இசைவாணி. அழுகையை முழுங்கிக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். "ஆனா ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள நீங்களே வந்து கூட்டிட்டுப் போயிரணும். அவ அழுதாலும் சரி. நானே உங்க காலப் புடிச்சுக் கெஞ்சுனாலும் சரி. பிள்ளைய இங்க விட்டுட்டு மட்டும் போயிராதீக."